ஹாசிம் நானாவின் ஒரே ஓட்டம்

பின்னால் ஒரு மோட்டார் சைக்கிளின் சத்தம் கேட்டால் போதும், ஹாசிம் நானா இடது பக்கச் சிக்னலைப் போட்டுவிடுவார். வேகத்தைக் குறைத்து, வீதியோரச் செம்மண்ணில் இறங்கி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, வருகிறவன் தாண்டிப் போகும்வரை காத்திருப்பார். போன பிறகும் உடனே கிளம்பமாட்டார். அவன் வளைவில் மறைய வேண்டும். அதற்குப் பிறகுதான் பின்னால் கட்டியிருக்கும் மீன் பெட்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி தாரில் ஏறுவார். கரைத்தீவிலிருந்து வண்ணாத்திவில்லு வரைக்கும் ஒவ்வொரு நாளும் இதே கூத்துத்தான்.

மீன் வியாபாரி ஒருவருக்கு வீதி ஒழுங்கில் இவ்வளவு பற்றா என்று வெளியூர்க்காரர்கள் வியந்து போவார்கள். ஒழுங்கும் இல்லை, பற்றும் இல்லை. காரணத்தை அவரே சொல்லுவார்.

"ஹாசிம முந்திட்டன் எண்டு ஒருத்தனும் ஊர்ல கதைக்கக் கூடாது தம்பி. நான்தான் நிண்டுட்டனே. நிக்கிறவன முந்த ஏலுமா?"

அவர் இப்படிப் பாதுகாக்கும் பொருள் ஒரு வெற்றி. ஒன்றே ஒன்று. வறண்ட கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் எங்கள் ஊரின் களப்போரத் தரவை வெளி காய்ந்து சீமெந்துபோல இறுகிவிடும். அங்கே எங்கள் விளையாட்டுக் கழகம் முதன்முதலாக மோட்டார் சைக்கிள் ஓட்டப்போட்டி வைத்தபோது ஹாசிம் நானா புது மாப்பிள்ளை. மீன் பெட்டியைக்கூடக் கழற்றாமல் ஓடி முதலாவதாக வந்தார். அத்துடன் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். ஓடியது ஒன்று, வென்றது ஒன்று, நூற்றுக்கு நூறு. ஒலுவில் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்த எனக்கே ஒரு பாடத்திலும் அப்படிப் புள்ளி கிடைத்ததில்லை. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். விட்டால் உம்மா கோபிப்பார்.

அந்த ஓட்டத்தைப் பற்றிய தகவல்களுக்கு மூலாதாரம் ஹாசிம் நானா. இரண்டாவது மூலாதாரமும் அவரே. நான் சின்ன வகுப்பில் படித்தபோது அவர் சொன்ன கதையில், இரண்டாவதாக வந்தவர் பத்து முழம் பின்னால் இருந்தார். நான் உயர்தரம் எழுதிய காலத்தில் அந்த இரண்டாமவர் தென்னந்தோப்பு வரைக்கும் பின்தங்கிவிட்டார். போன நோன்பில் கேட்டபோது அவர் கண்ணுக்கே தெரியவில்லை. இந்த வேகத்தில் போனால் அடுத்த நோன்பில் அவர் அந்த ஓட்டத்துக்கே வந்திருக்கமாட்டார்.

பரிசு ஒரு ரைஸ் குக்கர். அது கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. அடுப்படியில் குந்தியிருந்து அவருடைய மனைவி பஸீனா லாத்தா இன்னமும் விறகடுப்பைத்தான் ஊதிக்கொண்டிருப்பார்.

"ரேசில வெண்ட மனுசன் எண்டுதான் ஊரே சொல்லுது," என்பார் லாத்தா. "மத்த ஆக்கள் மீன வித்து முடிச்சு ஊட்டுல வந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்துலதான் இவரு வண்ணாத்திவில்லுக்கே போய்ச் சேருவாரு. அங்க இருக்கிற பொம்புளயள் பெட்டியத் திறந்து மோந்து பாத்துட்டு, நானா இது மீனா கருவாடா எண்டு கேக்குறாளுகளாம்."

"பேரு கெடாம இரிக்கணும் பஸீனா," என்பார் இவர்.

"பேரு கெடல்ல. மீன்தான் கெடுது."

பேரைக் கெடுக்க ஆள் இல்லாமலும் இல்லை. வண்ணாத்திவில்லுவில் பைக் கராஜ் வைத்திருக்கும் மஸாஹிர் அதே தரவையில் நடந்த ஐந்தாவது போட்டியில் ஓடினார். அவருக்கும் அது முதல் ஓட்டம். அவரும் வென்றார். ஆகவே முதல் ஓட்டத்திலேயே வென்ற ஒரே வீரர் தான்தான், ஹாசிம் நானா இல்லை என்பது அவருடைய வாதம்.

"முதல் போட்டியில ஓடின அத்தின பேருக்கும் அது முதல் ஓட்டம்தானே," என்று கராஜுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லுவார். "பள்ளிக்கூடம் திறக்கிற அண்டைக்கு எல்லாப் பிள்ளையும் புதுப் பிள்ள. அதுக்குள்ள ஒருத்தன் முன் வாங்கில குந்தினா அது ஒரு வெற்றியா? நான் வெண்டது ஓடிப் பழகின ஆக்களோட."

வாதத்தில் நியாயம் இருந்தது. அதனால்தான் ஹாசிம் நானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விசாரித்தார். மீன் விற்கப் போன வீடுகளில் எல்லாம் விசாரித்து, கடைசியில் ஓர் உண்மையைத் தோண்டி எடுத்தார். தரவைக்கு வருவதற்கு முந்திய வருடம், வண்ணாத்திவில்லுவில் நடந்த சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில், பைக்கை மெதுவாக ஓட்டும் போட்டியில் மஸாஹிர் கலந்துகொண்டிருக்கிறார். ஆகவே தரவையில் ஓடியது அவருடைய இரண்டாவது ஓட்டம்.

"அது கடைசியா வாறவன் வெல்லுற போட்டி நானா," என்று மஸாஹிர் கராஜ் வாசலில் வைத்துச் சொன்னார். "அதப் போய் ரேஸ் எண்டு சொல்லுறீங்க."

"மெதுவா ஓடினாலும் போட்டி போட்டிதான்."

"அப்ப அதுலயும் நீங்கதான் சாம்பியன். டெய்லி ஓடிக்கிட்டுத்தானே இரிக்கீங்க."

கராஜில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஹாசிம் நானா இடது பக்கச் சிக்னலைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பிறகு இரண்டு வாரத்துக்கு அந்த வீதிக்கு மீன் போகவில்லை.

பெற்றோல் வரிசைக் காலத்தில் நின்றுபோன ஓட்டப்போட்டியை இந்த வருடம் மறுபடி நடத்தக் கழகம் தீர்மானித்தது. திடல் வாசலில் பெரிய பதாகை, அதிலே 'முதல் ஓட்டத்திலேயே வென்ற ஒரே வீரர்' என்று ஒருவருடைய படம். யாருடைய படம் என்பதுதான் பிரச்சினை. கழகச் செயலாளர் அஸ்ஜத் என்னிடம் வந்தான். ஊரில் வரலாறு படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் தீர்ப்பும் நானே சொல்ல வேண்டுமாம். நான்கு வருடம் படித்ததில் இந்த நாட்டை ஆண்ட அரசர்களின் வரிசை எல்லாம் வந்தது. தரவையில் யார் முதல் என்பது மட்டும் வரவில்லை. ஓட்டம் என்றால் என்ன என்று முதலில் வரையறுக்க வேண்டும் என்றேன்.

"மச்சான், பதாகை அடிக்கிறவன் நாளைக்கு டிசைன் கேக்கிறான்," என்றான் அஸ்ஜத்.

கடைசியில் கழகம் தன் அறிவுக்கு எட்டியபடி முடிவெடுத்தது. பதாகையில் படத்துக்கு இடம் விட்டு அடிப்பது. போட்டியன்று முதலில் அந்த இருவரையும் ஒரு சுற்று ஓடவிடுவது. வென்றவரின் படத்தை ஒட்டுவது. வராதவர் தன் உரிமையை விட்டதாகக் கொள்வது.

ஹாசிம் நானாவை வசமாக மடக்கிய முடிவு இது. ஓடாவிட்டால் வரலாறு மஸாஹிருக்கு. ஓடித் தோற்றால் நூற்றுக்கு நூறு ஐம்பதாகிவிடும். பட்டத்துக்கு ஐம்பது போதும் என்று ஆறுதல் சொல்லிப் பார்த்தேன்.

"ஓடுங்களன்," என்றார் பஸீனா லாத்தா. "தோத்தா என்ன, அந்தக் குக்கர்ல சோறாச்சும் ஆக்கலாம்."

அன்றைக்குத் தரவையில் ஊரே நின்றது. மஸாஹிர் புது ஹெல்மெட், முழங்கால் வரை சப்பாத்து, கையுறை சகிதம் வந்தார். ஹாசிம் நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மீன் பெட்டியோடு வந்தார். பெட்டிக்குள் மீனும் இருந்ததைக் காற்று எல்லோருக்கும் அறிவித்தது. குறுக்கே போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டுக்குப் பின்னால் இரண்டு பைக்குகளும் உறுமின. அஸ்ஜத் கொடியை உயர்த்தி, இறக்கினான்.

மஸாஹிர் பாய்ந்து போனார். ஹாசிம் நானாவின் பைக்கும் ஒரு துள்ளுத் துள்ளியது. அடுத்த கணம் பிரேக்கைப் பிடித்து, எஞ்சினை நிறுத்தி, இரண்டு கால்களையும் ஊன்றிவிட்டார்.

"நானா, ஓடுங்க நானா," என்று அஸ்ஜத் கத்தினான்.

"நான் இன்னம் வெளிக்கிடல்ல."

"கொடி உழுந்துட்டே."

"கொடி உழட்டும். கோட்டத் தாண்டினாத்தானே ஓட்டம். ஓட்டமே தொடங்காதவன் எப்பிடித் தோக்குறது? மஸாஹிர் தனியா ஓடுறாரு, ஓடட்டும். யார வெண்டாரு எண்டு கேட்டு எழுதிக்கோங்க."

அஸ்ஜத் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தான். அதற்குள் தரவையின் மறுகோடியில் கூச்சல் கிளம்பியது. மஸாஹிர் தூசியைக் கிளப்பியபடி, பக்கத்தில் ஒருவரும் இல்லாமல், ஒரு கையைத் தூக்கிக்கொண்டு வளைவில் திரும்பினார். அஸ்ஜத் அங்கே ஓடினான். சனமும் ஓடியது. பின்னால் நின்ற நான் மட்டும் போகவில்லை.

ஹாசிம் நானா பைக்கை மெல்லப் பின்னுக்கு இழுத்தார். சுண்ணாம்புக் கோட்டை அறுத்துக்கொண்டு, அதற்கு அப்பால் ஒரு சாண் தூரத்துக்கு, முன் டயரின் தடம் சுண்ணாம்பு வெள்ளையில் தெளிவாகப் பதிந்திருந்தது. இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். செருப்பால் தடத்தைத் தேய்த்தார். பிறகு குந்தியிருந்து, சிதறிக் கிடந்த சுண்ணாம்பை விரலால் கூட்டியெடுத்து, கோட்டை நேராக்கத் தொடங்கினார்.