உள்ளே கைவைப்பதா, வெளியே கட்டுவதா

எந்தப் பிரேம்வேர்க்கில், அதாவது மென்பொருளைக் கட்டும் எந்தச் சட்டகத்தில், வேலை செய்வது என்ற கேள்வி அந்த மாதம் முழுக்க என்னைச் சும்மா இருக்க விடவில்லை. சாப்பிடும்போதும் அதே யோசனை.

கொட்டாஞ்சேனையில் தண்ணீர்ப் பம்ப் மொத்தமாக விற்கும் ஒரு கடை. வெள்ளவத்தையில் அதன் கிளை. இரண்டும் ஒரே களஞ்சியத்துச் சரக்கைத்தான் விற்கும். பில், இருப்பு, கணக்கு எல்லாம் பார்க்கும் பெரிய மென்பொருள் ஒன்றை வாங்கியிருந்தார்கள். அதைக் கடையின் போக்குக்கு மாற்றிக் கொடுப்பது என் பொறுப்பு. வழி இரண்டு. பழைய பிரேம்வேர்க், மென்பொருளின் உள்ளே போய் விதியையே மாற்றவிடும். ஆனால் ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் மாற்றியது உடையும். புதியது உள்ளே தொடவிடாது. வெளியே தனியாகக் கட்டி, மென்பொருள் திறந்துவைத்திருக்கும் வாசல்கள் வழியாக மட்டும் அதனோடு பேச வேண்டும். சுத்தமான வேலை. வேலை விளம்பரங்கள் கேட்பதும் அதைத்தான்.

“நீயே முடிவெடு,” என்றார் எங்கள் மேலாளர் அக்கா. “ஆனா எதை எடுக்கிறியோ அதை நீதான் கடைசிவரைக்கும் பாக்கவேணும். வேற ஆள் தரமாட்டன்.”

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குத் துறைமுகத்தில் கூலி வேலை. யாரும் கேட்காத பிரேம்வேர்க்கைக் கட்டிக்கொண்டு கிடந்தால் அடுத்த வேலைக்கு எதைக் காட்டுவேன்? தூக்கிவிட எனக்கு ஆளில்லை. கல்கிசையில் ஒரு கம்பனி நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது. அவர்களுக்கும் வேண்டியது புதியதே. ஆகவே புதியதில் ஒரு மாதிரி செய்து, கடையில் காட்ட நேரம் குறித்தேன். வெள்ளிக்கிழமை, பதினொரு மணி.

கடையின் கணக்காளர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். கழுத்தில் சிலுவை போட்ட கொட்டாஞ்சேனை மனிதர்.

“தம்பி, பன்னிரண்டு வரைக்கும் ராகு காலம். முதலாளி புதுசா ஒண்டையும் தொடமாட்டார்.”

“நீங்கள் வேதக்காரர்தானே அங்கிள்?”

“நான் மாதாவுக்குப் பயம். சம்பளம் தாறவர் ராகுவுக்குப் பயம். ரெண்டு பேரையும் பகைக்க ஏலாது. இருங்க, பிளேன்ரீ குடிங்க.”

மூடிய மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒரு லொறி வந்தது. பம்ப் பெட்டிகளை ஏற்றினார்கள், பில் போடவில்லை. லொறி புறப்பட்டதும் கணக்காளர் வெள்ளவத்தைக்குத் தொலைபேசி எடுத்தார்.

“டேய், ஒரு குதிரைவலு பம்ப் முழுக்க வெளிக்கிட்டுட்டுது. இருக்கு எண்டு நினைச்சு வித்துப்போடாத.”

“பில் இல்லாமலா அங்கிள்?”

“சாமான் போகலாம். பில்தான் ராகு காலத்தில எழுதுறதில்ல. பிறகு எழுதுவம்.”

“ஒவ்வொரு நாளுமா?”

“ராகு ஒவ்வொரு நாளும் வாறார்தானே. ஞாயிறு லீவு எடுக்கிறது நாங்கள்தான்.”

“முன்கூட்டியே பில் போட்டு வைக்கலாமே?”

“ஆர் வருவான் எண்டு ராகுவுக்கே தெரியாது, தம்பி.”

என் தேநீர் ஆறிப்போனது. பில் இல்லாமல் இருப்பைக் குறைக்க அந்த மென்பொருள் விடாது; உள்ளே போய் அந்த விதியை மாற்றினால்தான் உண்டு. திறந்த வாசல் ஒவ்வொன்றையும் நான் தட்டிப் பார்த்திருந்தேன். புதிய வழியில், போன சரக்கை வெளியே குறித்துவைத்து, ராகு காலம் முடிந்து பில் போட்ட பிறகு உள்ளே அனுப்பலாம். அதுவரை, போன பம்பை வெள்ளவத்தைத் திரை இருப்பதாகவே காட்டும். மறுபடி தொலைபேசிதான். அந்தத் தொலைபேசியை நிறுத்தத்தான் அவர்கள் மென்பொருளே வாங்கினார்கள்.

பன்னிரண்டானதும் முதலாளி வந்து அமர்ந்தார். “ம், காட்டுங்க.”

மடிக்கணினியைத் திறந்தேன். பிறகு மூடினேன். “நான் செய்தது உங்களுக்குச் சரிவராது ஐயா. வேற மாதிரிச் செய்யவேணும்.”

“இதைச் சொல்லவா இவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?” என்றார் அவர். கணக்காளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தெருவுக்கு வந்து அக்காவை அழைத்தேன். “உள்ளுக்கதான் கைவைக்கவேணும் அக்கா.”

“யோசிச்சுத்தான் சொல்லுறியா? ஒவ்வொரு பதிப்புக்கும் நீதான் நிக்கவேணும்.”

“ஓம்.”

“இடையில விட்டிட்டுப் போகமாட்டாய்தானே?”

கல்கிசை நேர்முகத்தை நினைத்தேன். “மாட்டன்,” என்றேன். சொன்ன பிறகும் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவர் வைத்துவிட்டிருந்தார்.