நல்ல நேரத்தில் வெட்டிய புல்

தான் பிறவி முதலாளி என்று லண்டன் சட்டனில் குடியிருக்கும் சண்முகராசாவுக்கு ஒரு நினைப்பு. ஜெர்மனியில் இருபது வருடம் ஹோட்டலில் கோப்பை கழுவினார். லண்டனுக்கு வந்து, மனைவியின் தம்பி சுஜீத்தின் அப்டன் பார்க் கடையில் மரக்கறிப் பெட்டி தூக்கினார். அந்த நினைப்பு மட்டும் தேயவில்லை. ஒருநாள் வெண்டிக்காயை எங்கே அடுக்குவது என்று சுஜீத் சொல்லித்தர, நேற்று முளைத்தவன் எனக்குப் படிப்பிப்பதா என்று கடை நிறையச் சனம் பார்க்க ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு வந்துவிட்டார். திரும்பிப் போக ஒரு வழியையாவது மிச்சம் வைக்க வேண்டாமா மனிசன்?

அடுத்த கிழமையே பெட்ரோலில் ஓடுகிற புல்வெட்டி ஒன்று வாங்கினார். புல்வெட்டும் கம்பனி என்று கார்ட் அடித்தார். அதில் தன் பெயருக்குக் கீழே 'முகாமைப் பணிப்பாளர்', அதாவது மனேஜிங் டிரெக்டர், என்று போட்டுக்கொண்டார். கம்பனியில் வேறு ஆள் கிடையாது, அது வேறு கதை. முதல் வாடிக்கை மிஸஸ் ஹோல்ட் என்ற வெள்ளைக்காரக் கிழவி. அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு புல்வெளி. கிழவி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் தெருவே இவருடையது. சொல்லாவிட்டால் சுஜீத்தின் கடைதான் என்று மனைவி ஜெகதீஸ்வரி தெளிவாகவே சொல்லி வைத்திருந்தாள்.

முதல் வேலை அல்லவா, கோயில் ஐயரிடம் நேரம் கேட்டார். புதன்கிழமை பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையில் அருமையான நேரம் என்றார் ஐயர். செவ்வாய் பின்னேரம் பிடித்த மழை புதன் காலையும் விடவில்லை. மிஸஸ் ஹோல்ட் போன் எடுத்து, புல் ஊறிப்போய்க் கிடக்கிறது, காய்ந்தபிறகு வரலாமே என்று மெல்லச் சொன்னார். இது எங்கள் சமய விஷயம் என்றார் சண்முகராசா. அவ்வளவுதான், கிழவி மன்னிப்புக் கேட்டுப் போனை வைத்தார். சமயம் என்று சொல்லிவிட்டால் இந்த ஊரில் வீட்டுக் கூரையையே கழற்றலாம், ஒருவரும் ஏனென்று கேட்க மாட்டார்கள்.

மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். புது வாகனத்துக்குச் செய்வதுபோல் சில்லுக்கடியில் தேசிக்காய் வைத்து நசித்தார். பிறகு இழுத்து ஸ்டார்ட் பண்ணினார். ஈரப்புல்லை மெஷின் எங்கே வெட்டியது? மென்று மென்று கட்டி கட்டியாகத் துப்பியது. சில்லு சேற்றில் புதைந்தது. தள்ளத் தள்ளப் புல் வேரோடு வந்தது. இரண்டு தரம் சறுக்கி விழுந்தார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத பரம்பரை, விடுவாரா? பதினொரு மணிக்கு அந்த இடம் எருமை புரண்ட வயலாகக் கிடந்தது. கிழவி தேத்தண்ணிக் கோப்பையுடன் வாசலில் நின்று, வெளிறிய முகத்தோடு, மிக அருமை என்றார்.

பாவி மனிசன் அதை நம்பிவிட்டார். தெருவே பிடிபட்டுவிட்டது என்று வீட்டுக்கு வந்து சொன்னார். பின்னேரம் மிஸஸ் ஹோல்ட்டிடமிருந்து மெசேஜ் வந்தது. மிக்க நன்றியாம், புல்லுக்கு இந்த வருடம் ஓய்வு கொடுக்கப் போகிறாராம், இனி வர வேண்டாமாம்.

"பஞ்சாங்கத்தைப் பாத்தனீங்கள். ஒருக்கா யன்னலாலை வெளியிலை பாத்தனீங்களோ?" என்று கேட்டாள் ஜெகதீஸ்வரி.

"நேரத்திலை பிழையில்லையப்பா. மழையிலைதான் பிழை."

அவள் உடனே தம்பிக்குப் போன் போட்டாள். சுஜீத் கோபிக்கவே இல்லை. ஒரு சொல் ஏசியிருந்தாலாவது ரோஷத்தோடு மறுத்திருக்கலாம்.

"அத்தானை வரச் சொல்லுங்கோ அக்கா. திங்கட்கிழமை காலமை ஏழரைக்கு ஷிப்ட்," என்றான்.

திங்கள் ஏழரை சுத்த இராகு காலம். சண்முகராசா வாயைத் திறந்தார். ஜெகதீஸ்வரி போனைக் கையில் வைத்துக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

"ஓம், வாறன் எண்டு சொல்லும்," என்றார்.