நனையக் கூடாத லைஃப் ஜாக்கெட்

வெள்ளிமலைக்குப் பக்கத்து ஏரிக்கரையில் நானும் செல்வமும் ஜான்சனும் நிற்கிறோம். எங்களில் நீச்சல் தெரிந்த ஒரே ஆளான குமார், வீட்டில் நெல் நடவு என்று வரவில்லை. நான் ஒரு மாதமாகக் கைப்பேசியில் பார்த்து, கட்டிலில் குப்புறப் படுத்து முறைப்படி பயின்றிருக்கிறேன். ஏரியில் நீந்திய படத்தோடு திரும்புவதாகத் தெரு முழுக்கச் சொல்லியும் விட்டேன்.

'குளிக்கத் தடை' என்ற பலகையடியில் காவலாளி உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் ஆணியில் லைஃப் ஜாக்கெட்டுகள் தொங்குகின்றன.

"ஜாக்கெட் குடுங்கண்ணா, ஓரமா எறங்கிக்கிறோம்" என்கிறேன்.

"இன்னா தம்பி, தண்ணில எறங்கினா நனஞ்சிடும்ல? காய ரெண்டு நாளாவும். போட்டோக்கு மட்டுந்தான் குடுக்கிறது. ஆளுக்கு அம்பது."

"யாராவது முழுகினா?"

"அதுக்குத்தான் எறங்கவே வுடறதில்லியே."

"கட்டில்ல நீந்தனவனுக்குக் கரை போதாதா? போட்டுக்கடா" என்கிறான் ஜான்சன்.

மூவரும் மாட்டிக்கொண்டு, ஏரி பின்னால் தெரியக் கை வீசி நிற்கிறோம். படமெடுத்த காவலாளி கைப்பேசியைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார்.

"தல காஞ்சி கெடக்குது தம்பி. எவன் நம்புவான்?"

எங்களைக் குனியச் சொல்லி, ஒரு சொம்பு ஏரித் தண்ணீரை ஜாக்கெட்டில் படாமல் தலையில் மட்டும் ஊற்றுகிறார். அதற்குத் தனியாக இருபது. ஆக மொத்தம் நூற்றெழுபது ரூபாய்.