நாயைப் பிடிக்காத பச்சைக் கட்டம்

இதைப் படித்தால், கேமராவில் ஏதோ கோளாறு என்றுதான் உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்தப் படங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன்.

என் அக்கா நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பவள். மின்னல் என்ற பெட்டை நாயை மீட்புப் படைத் தேர்வுக்குத் தயார் செய்துகொண்டிருந்தாள். இரண்டு வாரமாக ஒரு சிக்கல். ஓடும்போது பாதி வழியில் அது திரும்பித் திரும்பிப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமைத் தேர்விலும் அப்படிச் செய்தால் படையில் சேர்க்க மாட்டார்கள்.

"கால்ல வலியோ என்னவோ. உன் புதுக் கேமராவுல எடுத்துப் பாரேன்டா," என்றாள்.

வேகமாக ஓடும் விலங்கை வைத்துக் கேமராவின் ஆட்டோஃபோகஸைச் சோதிக்க எனக்கும் ஆசை. அது வேலை செய்யும் விதமே அழகு. கண்ணின் வடிவத்தைத் தேடிப் பிடித்து, அதன்மேல் ஒரு பச்சைக் கட்டம் போடும். கண் நெருங்க நெருங்கக் கட்டம் பெரிதாகும். கண் எத்தனை மீட்டரில் இருந்தது என்று ஒவ்வொரு படத்திலும் குறித்துவைக்கும். மனிதரா, விலங்கா, யாருடைய கண்ணைத் தேட வேண்டும் என்பதை மட்டும் நாம் சொல்ல வேண்டும்.

மாலை 5.40. நல்ல வெளிச்சம். சுற்றுச்சுவர் வைத்த மைதானம். எங்களைத் தவிர யாரும் இல்லை. முதலில் அக்காவின் முகத்தை எடுத்தேன். கட்டம் அவள் கண்ணில் பசைபோல் ஒட்டிக்கொண்டது.

"போதும்டா, என் மூஞ்சி எங்க ஓடப்போகுது? நாயைப் பிடி."

அறுபது மீட்டர் தள்ளி மின்னல் உட்கார்ந்திருந்தது. அக்கா என் பக்கத்தில் நின்று விசில் ஊதினாள்.

5.46. நாய் பாய்ந்தது. கட்டமும் வந்தது. ஆனால் நாயின்மேல் இல்லை... அதற்குச் சற்றுப் பின்னால், வெறும் புல்லின்மேல்.

"பிடிச்சியா?"

"புல்லைப் பிடிச்சிருக்கு."

"அப்போ ஆட்டுக்குக் குடு அதை."

5.51. மீண்டும் விசில். கட்டம் மறுபடியும் நாய்க்குப் பின்னால். நாயின் உயரத்தில். நாயின் வேகத்தில். இடைவெளி மட்டும் குறைந்திருந்தது. மின்னல் திரும்பிப் பார்த்தது... சரியாகக் கட்டம் இருந்த இடத்தை.

5.55. மூன்றாவது ஓட்டம். இம்முறை மின்னல் திரும்பவில்லை. ஊளையிட்டபடி எங்களைத் தாண்டி ஓடியது.

கட்டம் அதனுடன் போகவில்லை.

வெறும் மைதானம். நடுவில் பச்சைக் கட்டம்.

பெரிதாகிக்கொண்டே வந்தது.

டிக்... டிக்... டிக்...

ஷட்டர் பொத்தானிலிருந்து விரலை எடுக்க முடியவில்லை.

கட்டம் திரையை நிறைத்தது.

அணைந்தது.

"டேய்... லென்ஸைப் பாரு," என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது.

கண்ணாடியின் வெளிப்பக்கம், வட்டமாக ஈரம். யாரோ மூச்சு விட்டதுபோல்...

மறுநாள் கால்நடை மருத்துவர் பார்த்தார். மின்னலின் கால்களில் ஒரு குறையும் இல்லை. வேறு மைதானத்துக்கு மாற்றினோம். அங்கே அது ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தேர்விலும் தேறிவிட்டது.

அதற்குப் பிறகுதான் படங்களை நிதானமாகத் திறந்தேன். கடைசிப் படத்தில், தூரம் 0.3 மீட்டர். அதைவிட அருகில் இருப்பதை அந்த லென்ஸால் பார்க்க முடியாது.

அதற்குக் கீழே, எந்தக் கண்ணைத் தேடியது என்று காட்டும் வரி. அக்காவின் முகத்தை எடுத்த பிறகு நான் அதை மாற்ற மறந்திருக்கிறேன்.

மூன்று ஓட்டத்துக்கும் அந்த வரியில் ஒரே சொல்தான் இருந்தது.

மனிதர்.