மவுஸ் பிடித்த போட்டோ

என் அண்ணன் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. அதற்காக யாராவது உச்சுக்கொட்டினால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும்; எனக்கு அதைவிட.

வேலை முடிந்தால் பார்வையற்றோர் சங்கத்தின் கம்ப்யூட்டர் அறைக்குப் போய்விடுவான். அங்கே அவனுக்கு நியூஸ்குரூப் ஒன்று உண்டு. ஒருவர் எழுதிப் போட்டால் பல ஊர்க்காரர்கள் படித்துப் பதில் போடுவார்கள். அதற்குத் தோதான சாஃப்ட்வேரை, கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவன் அவன்தான். படமில்லை, பகட்டில்லை, கறுப்புத் திரையில் வெறும் எழுத்து; அதைக் கம்ப்யூட்டர் குரலில் படித்துச் சொல்லும். ஒரு விசையைத் தட்டினால் படிக்காத அடுத்த கடிதம். இன்னொன்றைத் தட்டினால், பதிலோடு ஒட்டிக்கொண்டு வரும் பழைய கடிதத்தைத் தாண்டிவிடும். கம்ப்யூட்டரின் குரல் சொன்னதையே சொல்லி உயிரை வாங்காது.

குழுவில் ஒரு தையல்காரி இருந்தாள். பார்வை மங்கிக்கொண்டே வந்தது. “ஊசியில நூல் கோக்க முடியல அண்ணா. இனிமே நான் எதுக்கு?” என்று ஒருநாள் எழுதினாள்.

“கொஞ்சம் பார்வை இருக்கும்போதே, பாக்காம கீபோர்டு தட்டப் பழகிக்கம்மா. எப்ப வேணா எழுது, நான் பதில் போடறேன்” என்று எழுதினான். சொன்னபடியே போட்டுக்கொண்டும் இருந்தான்.

சங்கத்துச் செயலாளருக்கு அந்தக் கறுப்புத் திரை கண்ணை உறுத்தியது. உறுத்துவதற்கு அந்த அறையில் கண் இருந்தது அவருக்கு மட்டும்தானே! கலர் கலராக ஒரு புது சாஃப்ட்வேரைக் கொண்டுவந்து கமிட்டி முன்னால் சோதித்தார். எப்படி? தானே மவுஸைப் பிடித்து, திரையைப் பார்த்து, ஒரு பொத்தான்மேல் கொண்டுபோய் வைத்தார். ‘அனுப்பு’ என்றது குரல்.

“பாத்தீங்களா, பேசுது!” என்றார். கமிட்டி கைதட்டியது.

“பொத்தான் எங்க இருக்குன்னு நீங்க கண்ணால பாத்துட்டீங்க சார். நாங்க எப்படிக் கண்டுபிடிக்கறது?” என்றான் அண்ணன்.

“போகப் போகப் பழகிடும்பா.”

“பழசும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே சார்.”

“ரெண்டு ரெண்டு எதுக்குப்பா?”

பழசை அழித்துவிட்டார்கள். அண்ணன் கையை இழுத்து மவுஸ்மேல் வைத்துப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். அதன்பிறகு அவன் எந்த விசையைத் தட்டினாலும் அந்தக் குரல் ‘பொத்தான், பொத்தான்’ என்றது. என்ன பொத்தான் என்று சொல்லவில்லை. தினமும் போய், ஒரு கடிதம்கூடப் படிக்கவோ போடவோ முடியாமல் முட்டி மோதிவிட்டு வந்தான்.

எனக்கு லீவு கிடைக்க ஒரு மாதம் ஆயிற்று. அவனோடு போய்த் தையல்காரியின் கடிதங்களை வாய்விட்டுப் படித்தேன்.

“அண்ணா, இருக்கீங்களா?”

“நான் எதாவது தப்பா எழுதிட்டேனா?”

கடைசியாக ஒன்று. “உங்களுக்கும் அலுத்துப்போச்சுன்னு புரியுது. குழுவை விட்டுப் போறேன். இவ்வளவு நாள் தொல்லை குடுத்ததுக்கு மன்னிச்சிடுங்க.”

அவளுக்கு எழுத வேறு முகவரி எதுவும் எங்களிடம் இல்லை. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. செயலாளர் எட்டிப் பார்த்து, “என்னப்பா, இப்ப சுலபமா இருக்கா?” என்றார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அவர் போனதும் அண்ணன் கேட்டான். “அந்தப் போட்டோவை மாட்டியிருக்காங்களா?”

“ஆமா. உன் தலைக்கு மேலதான்.”

“சிரிக்கச் சொன்னாங்க. சிரிச்சிருக்கேனா?”

“சிரிச்சிருக்கே.”

“கழட்டிடு” என்றான்.