குறி தவறத் தெரியாத கை

கடந்த செவ்வாய்க்கிழமை காலை சிவகங்கையிலிருந்து பாண்டி போன் செய்தார். “சார், நம்ம முருகேசண்ணன் போயிட்டாரு. அறந்தாங்கியில, வீட்டுலயே. நெஞ்சுவலி.” முருகேசன் ஓட்டிய கிரேனுக்குக் கீழே நின்று, வாக்கிடாக்கியில் வழி சொன்னவர் பாண்டி.

இரண்டாயிரத்துக்குப் பின் வந்த அந்த ஆண்டுகளில் துபாயில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரேன் நிற்கும். எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு பில்லியர்ட்ஸ் ஹால் இருக்கும். அல் கூஸ் பகுதியில் டயர் கிடங்குக்கு மேல்மாடியில் காதர் பாய் நடத்திய ஹாலுக்கு வந்தவர்கள் முருகேசனை மறந்திருக்க முடியாது. ஆறு மேசைகள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் தொழிலாளர் கேம்ப் ஆட்கள், பிலிப்பினோ டிரைவர்கள், எஞ்சினியர்கள் எல்லோரும் படியேறுவார்கள். பலகையில் பெயர் எழுதியவர் ஆடலாம். ஜெயித்தவர் மேசையிலேயே நிற்பார். உள்ளே ‘சார்’ கிடையாது. எல்லோருக்கும் எல்லோரும் ‘பார்ட்னர்’. அது காதர் பாய் வைத்த சட்டம்.

ஹாலைப் பற்றிச் செய்தி எழுதப்போன நான், முதல் நாள் முருகேசன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். மேசையை ஒருமுறை சுற்றி வருவார். குனிவார். பந்து குழியில் விழும். வெள்ளைப் பந்து அடுத்த அடிக்கு வேண்டிய இடத்தில், யாரோ கையால் எடுத்து வைத்ததுபோல நிற்கும். “விழுற பந்தப் பாக்காதீங்க பார்ட்னர், நிக்கிற பந்தப் பாருங்க” என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை பலகையில் அவர் பெயருக்குக் கீழே அவருடைய சைட் மேனேஜர் சுந்தரம் தன் பெயரை எழுதினார். சென்னைக்காரர், நன்றாக ஆடுவார். ஊரிலிருந்த முருகேசனின் மனைவிக்கு அது நிறைமாதம், முதல் பிரசவம். லீவு விண்ணப்பம் சுந்தரத்தின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

பாண்டி முருகேசனின் காதருகே போனார். “அண்ணே, ஒரே ஒரு பந்த விட்டுருங்க. பேப்பர் அவர்கிட்டதான் கெடக்கு.”

“சும்மா இருடா.”

சுந்தரத்துக்குக் கடைசியாகப் போட வேண்டிய கறுப்புப் பந்து மட்டுமே மிச்சம்; அது விழுந்தால் ஆட்டம் அவருடையது. அதை அவர் தவறவிட்டார். முருகேசனுக்கு இன்னும் ஐந்து பந்துகள் இருந்தன. ஐந்தையும் வரிசையாகப் போட்டார். கறுப்பு மட்டும் மேசையின் மறுகோடியில், விளிம்போடு ஒட்டிக் கிடந்தது. பாண்டி சத்தமாக இருமினார். முருகேசன் நிமிரவில்லை. அடித்தார். பந்து விளிம்பை உரசிக்கொண்டே மெதுவாகப் போய் விழுந்தது. மற்ற ஐந்து மேசைகளிலும் ஆட்டம் நின்றிருந்தது.

“எங்க பழகுன, பார்ட்னர்?” என்றார் சுந்தரம்.

“உங்க கிரேன்லதான், பார்ட்னர்.”

ஹால் முழுக்கச் சிரித்தது. சுந்தரம் மட்டும் சிரிக்கவில்லை.

ஏன் விட்டுக்கொடுக்கவில்லை என்று படியிறங்கும்போது கேட்டேன். “வேணும்னே ஒரு தடவ தப்பா அடிச்சா, கை அதையும் பழகிக்கும். நாளைக்கு இதே கையிலதான் லீவரப் புடிக்கணும். கீழ ஆளு நிப்பான்ல?”

மறுநாள் சுந்தரம் அவரைக் கூப்பிட்டார். “நேத்து அந்தக் கையப் பாத்தப்புறம் வேற யாரையும் மேல ஏத்த எனக்கு மனசு வரல. வியாழக்கிழமை ரெண்டு கோபுரத்துக்கும் நடுவுல அந்த இரும்பு உத்தரம் ஏறட்டும். அப்புறம் போ.”

“சரி சார்” என்று வெளியே வந்த முருகேசன் பாண்டியிடம் சொன்னார்: “தோத்திருந்தா இந்நேரம் டிக்கெட் போட்டிருப்பேன்டா.” சிரித்தார். அந்தச் சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது.

வியாழக்கிழமை அதைப் பற்றிச் செய்தி எழுத நானும் சைட்டில் இருந்தேன். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே இரும்பு உத்தரம் இறங்கிக்கொண்டிருந்தது. இரு முனைகளிலும் போல்ட் மாட்ட ஆட்கள் நின்றார்கள். கேபினுக்குள் போன் கூடாதென்று முருகேசன் அதைப் பாண்டியிடம் கொடுத்திருந்தார். அது அடித்தது. பாண்டி மேலேயிருந்து கண்ணை எடுக்காமல் என்னிடம் நீட்டினார். எடுத்தேன். பேசியது முருகேசனின் மாமியார். “பொம்பளப் புள்ள. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க.”

பாண்டியிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு வாக்கிடாக்கியில், “ஒரு இஞ்சு இறக்குங்கண்ணே. இன்னும் ஒரு இஞ்சு” என்றார். குரல் மாறவேயில்லை. உத்தரம் சத்தமே இல்லாமல் உட்கார்ந்தது. துளைக்கு நேர் துளை. போல்ட்கள் இறுகி, கிரேனின் கொக்கி விடுபட்ட பிறகுதான், “அண்ணே, பொண்ணு பொறந்திருக்கு” என்றார்.

காற்றே இல்லை. வெற்றுக் கொக்கி மட்டும் இப்படியும் அப்படியுமாக ஆடத் தொடங்கியது. அந்தக் கை நடுங்கி நான் பார்த்தது அன்று மட்டும்தான். யாருக்கும் ஆபத்தில்லை என்றான பிறகு. முருகேசன் என்றால் இனி எனக்கு அந்தக் கொக்கியின் ஆட்டம்தான்.