பதினைந்து கெஜம் போதாது

காலை உணவகத்தில், தட்டிலுள்ள முட்டையைத் தொடுமுன் வலது முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொள்கிறார் மார்லீன் கோவல்சிக். அதற்குள் எதிர்மேசையில் பேச்சு தொடங்கிவிடுகிறது.

வாரநாட்களில் என்னைப் போலவே பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்கூடங்களின் அமெரிக்கக் கால்பந்துக்கு, ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆளோடு ஆள் மோதும் அந்த ஆட்டத்துக்கு, நடுவர். இருபத்திரண்டு வருஷமாக, தவறு நடந்த இடத்தில் மஞ்சள் துணியை வீசி வருகிறார். ஆகவே பென்சில்வேனியாவின் இந்தச் சிற்றூரில் சனிக்கிழமை காலை அவரிடம் யாரும் சௌக்கியம் விசாரிப்பதில்லை. தண்டனை விதிகளில் எதை மாற்றலாம் என்றுதான் கேட்கிறார்கள்.

"ஆளைப் பிடிச்சு இழுத்தா டீமையே பத்து கெஜம் பின்னால தள்ளணுமா? அஞ்சு போதும்மா" என்றார் முடிதிருத்தும் ஆர்வில்.

"எழுதிக் குடு, அனுப்பறேன். என் கடுதாசியையே அவங்க படிக்கறதில்லை."

அது உண்மை. ஒவ்வொரு குளிர்காலமும் விதிக்குழுவுக்கு ஒரே கடிதத்தை எழுதுகிறார். ஹெல்மெட்டால் முட்டுகிறவனை அன்று முழுக்க வெளியே உட்காரவைக்க வேண்டும். "பதினஞ்சு கெஜம் பின்னால தள்ளினா அது டீமுக்குத் தண்டனை. அவன் மண்டைக்கு யார் பதில் சொல்றது?" பன்னிரண்டு வருஷத்தில் பன்னிரண்டு கடிதங்கள் போயின. இப்போது அதைச் சொல்லும்போது குரலில் கோபம்கூட இல்லை.

நேற்று, ஆட்டம் முடியும் தறுவாயில், டேல் ஹ்ருஸ்காவின் மகன் தலையைத் தாழ்த்திக்கொண்டு எதிராளியின் மேல் பாய்ந்தான். மார்லீன் துணியை வீசினார். மண்டையில் பலமாக அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க, டேலின் பையனிடம் பெயர் கேட்டார், என்ன கிழமை என்று கேட்டார்; சரியாகச் சொன்னான். மறுபடி ஆடினான். தண்டனைக் கெஜங்களால் முன்னேறிய எதிரணி ஜெயித்தது.

டேல் உள்ளே வந்தார். மேல்கோட்டைக் கொக்கியில் மாட்டியதும் நேரே மார்லீனிடம் வந்தார்.

"அந்த விதியையே தூக்கிக் கடாசணும்! குனியாம எப்படி மோதறதாம்? உன் துணியாலதான் தோத்தோம்!"

"நியாயந்தானே" என்றார் ஆர்வில். "வேகமா வர்றவன் தலையை எங்க வச்சுக்குவான்?"

மார்லீன் முட்டையை நறுக்கிக்கொண்டே இருந்தார். இதையெல்லாம் அவர் எத்தனையோ சனிக்கிழமைகளில் கேட்டாயிற்று.

"பையன் எங்கே?"

"வீட்ல படுத்திருக்கான்."

"சாப்டானா?"

"ரெண்டு தடவை வாந்தி எடுத்தான். வெளிச்சம் கண்ணைக் குத்துதாம், திரையை மூடச் சொல்றான். தோத்த துக்கம்தான், வேற என்ன?"

ஆர்வில் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"டேல், இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்றார் மார்லீன்.

"மத்தியானம் பாக்கலாம். எழுப்பினா எரிஞ்சு விழுவான்..." அவர் குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது. "வேணுங்கறியா?"

மார்லீன் எழுந்தார். கொக்கியிலிருந்து டேலின் கோட்டை எடுத்து உதறி, அவர் கை நுழைக்கத் தோதாக விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.